இறங்கி வேலை செய்வதே!

எதிரணியில் கையில் குறிப்போடும் கண்ணில் நெருப்போடும் உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! தரையிலே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற பெரியோர்களே!

"சமுதாயம் சீர்கெடும்போது கிறிஸ்தவ விசுவாசியின் முதற்கடமை கண்டித்துப் பேசுவதா, இறங்கி வேலை செய்வதா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிஷம் கண்டித்துப் பேசினார். நான் விரல்விட்டு எண்ணினேன். சினிமா, செல்போன், குடி, சூதாட்டம், லஞ்சம், பிள்ளைகளோட தலைமுடி, இப்படி இருபத்திரண்டு சீர்கேடு சொன்னார். ஒரு சீர்கேட்டுக்கு அரை நிமிஷம்கூடக் கிடைக்கலே. (சிரிப்பு) அவ்வளவு வேகமாக் கண்டிச்சா, எந்தச் சீர்கேடு நின்னு கேட்கும்?

ஆனால் அவர் சொன்னதில் ஒண்ணு எனக்குப் பிடிச்சது. யோவான் ஸ்நானகனைத் துணைக்குக் கூப்பிட்டார். "ஏரோது ராஜாவையே முகத்துக்கு நேரே கண்டித்தவர், அவரைப்போல நாம் குரல் கொடுக்கவேண்டாமா?" என்று கேட்டார். கொடுக்கவேண்டும் ஐயா. ஆனால் யோவான் எப்படிக் கண்டித்தார் என்று லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் பாருங்கள். ஜனங்கள் வந்து, "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். ஆயக்காரர் வருகிறார்கள். அவர்களிடம் வரிக் கணக்கைப் பேசுகிறார், விதித்ததற்கு மேலே வாங்காதே என்கிறார். போர்ச்சேவகர் வருகிறார்கள். அவர்களிடம் மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும் என்கிறார்.

கவனிச்சீங்களா? ஆயக்காரனிடம் ஆயக்காரன் பாவத்தைப் பேசினார். சேவகனிடம் சேவகன் பாவத்தைப் பேசினார். ராஜாவின் பாவத்தை ராஜாவிடமே சொன்னார், தலையையும் கொடுத்தார். நாம என்ன செய்யறோம்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலே சினிமாக்காரரைக் கண்டிக்கிறோம். அவர் அங்கே இல்லே! (சிரிப்பு) அமைச்சரைக் கண்டிக்கிறோம். அவரும் அங்கே இல்லே. மேல்நாட்டுக் கலாசாரத்தைக் கண்டிக்கிறோம். அது வரவே வராது. உட்கார்ந்திருக்கிறது யாரு? வட்டிக்கு விடுகிறவர், கணக்கு எழுதுகிறவர், பத்திரம் பதிகிறவர், மகனுக்குப் பெண் பார்க்கிறவர். அவங்க பாவத்தைப் பேசினா அடுத்த வாரம் காணிக்கை குறையும். இல்லாதவனைக் கண்டிக்கிறது சுலபம் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

வேதத்திலே கெட்டுப்போன ஊரைப் பார்த்தவர்கள் மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதல் ஆள் யோனா. நினிவேக்குப் போ என்றார் கடவுள். இவர் எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். மீன் வயிற்றில் இருந்து வந்த பிறகுதான் நினிவேக்குப் போனார். நாற்பது நாளில் ஊர் கவிழும் என்று அறிவித்தார். அப்புறம்? ஊருக்கு வெளியே போய் ஒரு குடிசை போட்டு, ஊர் என்ன ஆகப்போகிறது என்று வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். ஊர் மனந்திரும்பிவிட்டது, அழியவில்லை. இவருக்குக் கோபம் வந்துவிட்டது! இந்தக் காலமா இருந்தா கையில் செல்போனை வைத்துக்கொண்டு, "நினிவே இன்னும் அழியலே, ஏமாற்றம்" என்று நாலு பேருக்கு அனுப்பியிருப்பார். (சிரிப்பு) தலைக்கு நிழல் கொடுத்த ஆமணக்குச் செடி வாடினதுக்கு அழுதார், இலட்சத்து இருபதினாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு அழவில்லை. எதிரணி நண்பர்களே, யோனா பேசியது உண்மைதான். பேசிவிட்டு எங்கே போய் உட்கார்ந்தார் என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது ஆள் லோத்து. சோதோமிலேயே குடியிருந்தவர். "பார்த்தீங்களா, களத்தில் இறங்கினவன் கதி என்னாச்சு? குடும்பமே சிதைந்தது!" என்று எதிரணியில் அடுத்து வருகிற அம்மா கேட்பார்கள். நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். லோத்து சோதோமுக்குப் போனது ஊரைத் திருத்தவா? தண்ணீர் வளத்தைப் பார்த்துப் போனார் அம்மா. யோர்தான் சமவெளி பச்சையா இருந்தது, மாட்டுக்கு நல்லது, போனார். லாபத்துக்குப் போனவரை ஊழியத்துக்குப் போனவர் கணக்கிலே எழுதக்கூடாது.

மூன்றாவது ஆள் ஆபிரகாம். சோதோம் அழியப்போகிறது என்று தெரிந்ததும் கடவுளிடமே பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான் இருந்தால்? நாற்பத்தைந்து இருந்தால்? நாற்பது? முப்பது? இருபது? பத்து? நம்ம வீட்டு அம்மாக்கள் புடவைக் கடையில்கூட அவ்வளவு பேசமாட்டாங்க. (சிரிப்பு) அது அவர் ஊரும் இல்லை. கெட்டுப்போன ஊருக்காகக் கெஞ்சத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஊரைக் கண்டிக்கிற உரிமை உண்டு என்பது என் கட்சி.

வேதத்தை விட்டு வரலாற்றுக்கு வருகிறேன். அடிமை வியாபாரம். அதைவிடப் பெரிய ஒழுக்கக்கேடு உண்டா? மனிதனைப் பிடித்து, விலங்கு மாட்டி, கப்பலில் அடுக்கி, சந்தையில் விற்றார்கள். விற்றவன் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனவன். ஜான் நியூட்டன் என்று ஒருவர். 1748இல் கடலில் புயலில் சிக்கி மனந்திரும்பினார். மனந்திரும்பின பிறகும் 1754 வரைக்கும் அடிமைக் கப்பலில்தான் வேலை, கப்பல் தலைவராகவே இருந்தார். பிறகு குருவானார். அந்த வியாபாரம் கொடுமை என்று அவர் நூல் எழுதி வெளியிட்டது 1788இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாற்பது வருஷம்! அதற்கு நடுவில் அவர் எத்தனையோ பாவத்தைக் கண்டித்துப் பிரசங்கம் பண்ணியிருப்பார்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் என்று ஒரு தீவு. அங்கே காட்ரிங்டன் கரும்புத் தோட்டம். அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? இங்கிலாந்துத் திருச்சபையின் சுவிசேஷ சங்கம், எஸ்.பி.ஜி. உயில் எழுதி ஒருவர் விட்டுப்போன சொத்து. அந்தத் தோட்டத்து அடிமைகளின் மார்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சங்கத்தின் பெயரைச் சூடு போட்டார்கள். நம்ம நெல்லைச் சீமையில் பள்ளிக்கூடம் கட்டியதும் அதே சங்கம்தான். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஊழியம் செய்ததும் அந்தச் சங்கத்தின் சார்பில்தான். கால்டுவெல்லைக் குறை சொல்லவில்லை, அவர் வருவதற்கு முன்னாலே நடந்தது அது. ஒரே சங்கத்தின் பெயர் ஒரு பக்கம் பலகையில், இன்னொரு பக்கம் மனுஷன் நெஞ்சில்! இதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் மாமன்றம் மன்னிப்புக் கேட்டது 2006இல். எதற்குச் சொல்கிறேன்? "சமுதாயம் கெட்டுப்போச்சு, சபை அதைக் கண்டிக்கணும்" என்கிறீர்களே, சபைக்கு வெளியேதான் சமுதாயம் இருக்கிறதா? வாசற்படியில் செருப்போடு சேர்த்துச் சமுதாயத்தையும் கழற்றி வைத்துவிட்டா உள்ளே வருகிறோம்? (கைதட்டல்)

சரி, அந்த அடிமை வியாபாரம் எப்படி ஒழிந்தது? வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் பேசினார். பேச்சுதானே என்பார்கள் எதிரணியில். பேசினார் ஐயா, பேச்சு தோற்றது! 1791இல் ஓட்டெடுப்பு. ஆதரவு 88, எதிர்ப்பு 163. அப்போது நாட்டு மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சர்க்கரையை நிறுத்தினார்கள். அடிமை விளைவித்த சர்க்கரை எங்கள் தேநீரில் வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக நிறுத்தினார்கள். நிறுத்தியது யார்? ஓட்டுரிமை இல்லாத பெண்கள்! ஓட்டுப் போட முடியாது, சர்க்கரை டப்பாவை மூடி வைக்க முடியும். அடுப்படியிலே நடந்தது அந்தப் போராட்டம். வில்பர்ஃபோர்ஸும் பேசிவிட்டுக் குடிசை போட்டு உட்காரவில்லை. மறுபடி மறுபடி தோற்று, மறுபடி மறுபடி மசோதா கொண்டுவந்தார். 1807இல் வியாபாரத்தைத் தடுக்கிற சட்டம் 283க்கு 16 என்று நிறைவேறியது. அடிமைகளை விடுவிக்கிற சட்டத்துக்கு இன்னும் இருபத்தாறு வருஷம், 1833. கீழவையில் அது தேறிவிட்டது என்று கேட்டு மூன்றாம் நாள் கண்ணை மூடினார். பேசுகிறவனுக்குப் பத்து நிமிஷம் போதும். வேலை செய்கிறவனுக்கு ஆயுசு வேணும்.

இப்போது குடிக்கு வருகிறேன். தாய்மார்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீங்க, தெரியும்.

அமெரிக்காவில் 1870களில் கிறிஸ்தவப் பெண்கள் மதுக்கடை வாசலில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், சம்பளம் வீடு வந்து சேரவில்லை, வேறு எங்கே போவாள்? அவர்களை நான் கும்பிடுகிறேன். அந்த இயக்கம் வளர்ந்து, அரசியல் சட்டத்தையே திருத்தி, 1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. நடந்தது என்ன? கள்ளச்சாராயம். சிகாகோவில் அல் கப்போன் போன்ற ரௌடிகள் ராஜாவானார்கள். திருவிருந்துக்குத் திராட்சரசம் வாங்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதையும் சிலர் விடவில்லை. திடீரென்று பக்தி பெருகிவிட்டது! (சிரிப்பு) 1933இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

நான் சட்டத்துக்கு எதிரி இல்லை. நம்ம மண்ணில் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது எத்தனையோ வீட்டில் விளக்கு எரிந்தது. 1971இல் அதைத் தளர்த்தியதும், 2003இல் அரசே கடை போட்டு விற்க ஆரம்பித்ததும் உங்களுக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அரசுக் கடை திறந்திருக்கிற நாட்டில்தான் அந்தக் கள்ளச்சாராயமும் ஓடியது. சட்டம் வேணும். ஆனால் கடையை மூடுவது ஒரு வேலை, குடிக்கிறவன் மனசைத் திறப்பது வேறு வேலை.

அந்த வேறு வேலையைச் செய்தவர்கள் கதையைக் கேளுங்கள். 1935, அமெரிக்காவில் மதுவிலக்கு போய் இரண்டாவது வருஷம். பில் வில்சன் என்று பங்குச்சந்தை ஆள், பெருங்குடிகாரர், குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. அக்ரான் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்தார், வியாபாரம் தோற்றுப்போச்சு. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. இன்னொரு பக்கம் டெலிபோன். நம்ம ஆளா இருந்தா எந்தப் பக்கம் போவான்? சரி, அதை விடுங்கள். (சிரிப்பு) இவர் டெலிபோன் பக்கம் போனார். அங்கே ஆலயங்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஒரு போதகரைக் கூப்பிட்டு, "நான் குடிகாரன், இன்னொரு குடிகாரனோடு நான் பேசவேண்டும்" என்றார்.

அந்தப் போதகர் நினைத்திருந்தால் பத்து நிமிஷம் மதுவின் தீமையைப் பற்றி டெலிபோனிலேயே பிரசங்கம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. சில பெயர்களைக் கொடுத்தார். அது சுற்றிச் சுற்றி ஒரு அம்மாவிடம் போய், அந்த அம்மா தன் வீட்டிலேயே ஒரு டாக்டரை அறிமுகப்படுத்தினார். டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர், குடியால் கைநடுங்குகிறவர். "பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், இராத்திரி பதினோரு மணி தாண்டியும் போகவில்லை. ஏன்? அதுவரைக்கும் அவரிடம் பேசினவர்கள் எல்லாரும் மேலே நின்று பேசினவர்கள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினான். அந்த வருஷம் ஜூன் 10ஆம் தேதிக்கு அப்புறம் அந்த டாக்டர் 1950இல் சாகிறவரை தொடவில்லை. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று உலகம் முழுக்க இன்றைக்கு நடக்கிற கூட்டம் அங்கே பிறந்ததுதான். எத்தனையோ ஊரில் ஆலயத்தின் பின்பக்கத்து அறையில், நாலு நாற்காலி போட்டு அந்தக் கூட்டம் நடக்கிறது. முன்பக்கத்துப் பிரசங்கத்துக்கு வராதவன் பின்பக்கத்து அறைக்கு வருகிறான் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

எங்க தெருவிலே ஒருத்தர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். எதிர்வீட்டுக்காரன் லாரி ஓட்டுகிறவன், பொழுது சாய்ந்தால் கடைக்குப் போய்விடுவான். இந்த மூப்பர் அவனுக்கு ஒரு துண்டுப்பிரசுரம்கூடக் கொடுக்கவில்லை. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, எனக்குச் சுகர். டாக்டர் நடக்கச் சொல்றார். தனியா நடக்கப் பயமா இருக்கு, துணைக்கு வாப்பா" என்பார். அவருக்குச் சுகரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! (சிரிப்பு) மூப்பர் பொய் சொல்லலாமா என்று எதிரணி கேட்கும். கேளுங்கள். கடை பரபரப்பாக இருக்கிற நேரம் முழுக்க அவனை நடத்தியே கூட்டிக்கொண்டு போவார். இரண்டு தடவை அவன் மறுபடி விழுந்தான். மறுநாள் ஆறு மணிக்கு இவர் அதே வாசலில் நின்றார். ஏன் குடிச்சே என்று கேட்கலே. "செருப்பைப் போடு, போகலாம்" என்றார். அவன் பெண்சாதி என் மனைவியிடம் சொன்னது இதுதான்: "அக்கா, இவருக்கு மேலே சத்தம் போடாத ஒரே ஆள் அவர்தான். எனக்கே பொறுமை இல்லே."

கண்டிப்பே வேண்டாமா? வேணும். எங்கே வேணும் என்பதைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. நம்ம ஆலயத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்கிறோம். சபை முழுக்க அமைதி. எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், என்ன கார் என்று அந்தச் சபைக்கே தெரியும்! மூன்று ஞாயிறும் ஒருத்தர் எழுந்து, "ஐயா, வரதட்சணை வாங்குறாங்க, இது சட்டத்துக்கும் விரோதம், வேதத்துக்கும் விரோதம்" என்று சொன்னது உண்டா? நான் என் ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் கேட்டதில்லை. செத்த பிறகும் சேர்ந்து படுக்கக்கூடாது என்று கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்த ஊர் நம் மாநிலத்தில் உண்டு. இரண்டு பக்கமும் சிலுவைதான்! டிவி நாடகத்தில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டித்த நம்ம தம்பி, இந்தச் சுவரை மறந்துவிட்டார்.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் போனால் நெல்லைச் சீமைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்துப் பெண்மணி. 1901இல், பொட்டுக்கட்டி விடப்படுவோம் என்று பயந்து ஓடிவந்த ஏழு வயசுப் பெண்பிள்ளை அவரிடம் வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சட்டம் கிடையாது. அந்த அம்மா அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டால் சண்டை வரும், வழக்கு வரும், சோறு போடவேண்டும், தலை வாரிவிடவேண்டும். டோனாவூரில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ண வந்தவர், பால் புட்டி கழுவுகிறவராக ஆனார். ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. சட்டம் வந்தது 1947இல், சென்னை மாகாணத்தில். அதற்குப் பாடுபட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இருவரும் நம் சபையார் இல்லை. அதனால் என்ன? நல்லது செய்கிறவர்களிடம் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டு என்று கேட்கவா முடியும்? (கைதட்டல்) ஏமி அம்மையார் 1951இல் இறந்தபோது கல்லறைக்கல் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவை தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (சிரிப்பு) ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணியில் அடுத்து எழுந்து வருகிற அம்மா, சினிமாவுக்கும் செல்போனுக்கும் போகிறதுக்கு முன்னால், அந்த மூன்று ஞாயிறு அமைதிக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.